கௌசிகா கேட்ட ஷரத்து

ஆந்திர எல்லைத் தொழில்நகரமான ஸ்ரீசிட்டியில் ஏசி மெஷினுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கௌசிகா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாள். நகரியில் விசைத்தறி வைத்திருந்த குடும்பத்துப் பெண். வந்த வரன்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்ததில் அண்ணன் தமிழரசோடு பேச்சு அறுந்தது. ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தியவேட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே கடைத்தெருவில் ரவிக்கை தைக்கும் பத்மாவதியோடு ஒரே வீட்டில் குடியிருந்தாள். பத்மாவதி காளஹஸ்திப் பக்கத்துத் தெலுங்குக்காரி. கல்யாண ரவிக்கைக்கு அவளை விட்டால் அந்த ஊரில் ஆள் கிடையாது.

ஊர் அவர்களைச் சிநேகிதிகள் என்றது. அவர்களும் அதை மறுக்கவில்லை. வாடகைக்கு வீடு கிடைப்பதற்கும், கடைக்கு ஆள் வருவதற்கும், ஷிஃப்டில் நிம்மதியாக வேலை பார்ப்பதற்கும் அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. 2023 கோடையில் அந்த விபத்து நடக்கும்வரைக்கும்தான்.

மேலடுக்கில் சரியாக உட்காராத ஒரு பாரம் சரிந்து, வண்டியை விட்டு இறங்கிய கௌசிகாவின் காலில் விழுந்தது. திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவளோ மயக்கத்தில் கிடந்தாள். கடையைச் சாத்திவிட்டு மாற்றுத்துணிப் பையோடு ஓடிவந்த பத்மாவதி, தான் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். நீங்கள் யார் என்று கேட்டார்கள். ஃப்ரெண்டு என்றாள். அது ஆகாது என்றார்கள். கம்பெனி ஆள் நகரிக்குப் போன் மேல் போன் போட்டு, பொழுது சாயும் நேரத்தில்தான் தமிழரசு வந்து சேர்ந்தார். கையெழுத்துப் போட்டார், பத்மாவதியை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார், அடுத்த பஸ் பிடித்துப் போய்விட்டார். அதுவரை நொறுங்கிய எலும்போடு கௌசிகா காத்துக் கிடந்தாள்.

காலில் கம்பி வைத்து வீட்டுக்கு வந்த பிறகு, பத்மாவதி அந்த நாளைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

“வேற யாரும் சொல்லல கௌசி. ஃப்ரெண்டுன்னு நானே என் வாயால சொல்லிட்டேன்.”

கௌசிகாவுக்குக் கால் வலியை விட அது வலித்தது.

அவள் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில், அக்டோபரில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் திருமணத்தை அங்கீகரிக்க முடியாது, அது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றார்கள் நீதிபதிகள். திருமணம் என்ற பெயர் இல்லாமல் சேர்ந்து வாழ்வதற்கு ஒரு சட்ட அந்தஸ்து தரலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. பெரும்பான்மை அதற்கும் இடம் தரவில்லை. கேன்டீன் டிவியில் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரஸ் செக்ஷன் கோபிகிருஷ்ணன், நல்லவேளை கோர்ட்டாவது தெளிவாகச் சொன்னதே என்றார். கௌசிகா தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கோர்ட்டு சொன்னதைவிட, அந்த மேஜையில் தான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததுதான் அவளை அரித்தது. அடுத்த ஆண்டு சங்கத்துக்கும் கம்பெனிக்கும் புது ஒப்பந்தம் போடும் வேளை வந்தபோது, அவள் நேராகச் சங்கச் செயலாளர் நாகபூஷணத்திடம் போனாள். பெயின்ட் செக்ஷன்காரர், மாதம் தவறாமல் திருமலைக்கு நடந்தே ஏறுகிறவர். விபத்தன்று ஆம்புலன்சில் கூட வந்தவரும் அவர்தான். தொழிலாளிக்கு அடிபட்டால் யாருக்குத் தகவல் சொல்வது, யாருக்கு மருத்துவக் காப்பீடு, யாரைப் பார்த்துக்கொள்ள லீவு என்பதையெல்லாம் தொழிலாளியே சொல்லும்படி ஒரு ஷரத்து வேண்டும் என்று கேட்டாள். ஏன் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

நாகபூஷணம் இதைக் கோரிக்கையில் சேர்த்தால் சங்கமே ரெண்டாக உடைந்துவிடும் என்று பயந்தார். கடைசியில், “அன்னிக்கு அந்தப் பொண்ணு பையை மடியில வச்சிக்கினு மாடிப்படியில உக்காந்திருந்துச்சும்மா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்,” என்றார். பொதுக்குழுவில் வைக்கலாம், ஆனால் கௌசிகாதான் எழுந்து பேச வேண்டும் என்றார்.

பேசினால் ஊருக்கே தெரிந்துபோகும். கடைக்கு வருகிறவர்கள் வராமல் போகலாம். அதைச் சொன்னபோது பத்மாவதி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “வராதவங்க வேற எடத்துல தச்சிக்கட்டும். நீ பேசு,” என்றாள்.

பொதுக்குழு சத்தியவேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. கௌசிகா மைக்கைப் பிடித்தாள். விபத்து நாளில் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். பத்மாவதி தனக்கு யார் என்பதையும் சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோபிகிருஷ்ணன் எழுந்தார்.

“கோர்ட்டே இல்லைன்னுடுச்சு. அப்புறம் நாம யாரு குடுக்கறதுக்கு?”

“கோர்ட்டு கல்யாணத்தப் பத்திச் சொல்லுச்சுண்ணே. நான் உங்ககிட்ட கல்யாணம் கேக்கல. நான் அடிபட்டுக் கெடந்தா யாரக் கூப்பிடணும்னு சொல்றேன். அவளக் கூப்பிடுங்க. அது உங்களால முடியும்.”

அடுத்து எழுந்தவர் ராமகுப்பத்துக் கிருஷ்ணப்பா. யாரும் எதிர்பார்க்கவில்லை. மனைவியை இழந்த அவரையும் அவர் குழந்தைகளையும் காப்பாற்றி வருகிறவள் அவருடைய அக்கா. அந்த அக்காவுக்கு உடம்பு முடியாதபோது ஒருநாள் லீவு கேட்டு, ‘அக்கா குடும்பத்தில் சேராது’ என்ற பதிலை வாங்கியவர் அவர். இந்த ஷரத்து தனக்கும் வேண்டும் என்றார். அவரைத் தொடர்ந்து, மாமியாரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் எழுந்தாள். நாகபூஷணம் ஓட்டெடுப்புக்கு விட்டார். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உயர்ந்த கைகள், சற்று நேரத்தில் மண்டபம் முழுக்க உயர்ந்தன. கோபிகிருஷ்ணன் கை தூக்கவில்லை.

பேச்சுவார்த்தை திருப்பதியில், தொழிலாளர் அதிகாரி முன்னால் நடந்தது. மற்ற கோரிக்கைகளில் பாதியை ஒப்புக்கொண்ட நிர்வாகம் இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றது. சட்டத்தில் இல்லாத உறவைக் கம்பெனி எப்படி ஏற்கும் என்று மேலாளர் கேட்டார். நாகபூஷணம் தெலுங்கில் நிதானமாகப் பதில் சொன்னார். ஆண்டு விழாவுக்குக் கம்பெனி பிரியாணி போடுகிறதே, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமாவது தடுக்கிறதா? அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலாளரைப் பார்த்தார். ஆனாலும் மேலாளர் இறங்கி வரவில்லை.

மறுநாளிலிருந்து எல்லா ஷிஃப்டிலும் தொழிலாளர்கள் கறுப்புப் பட்டை அணிந்தார்கள். பிரஸ் செக்ஷன் பக்கம் வண்டியை ஓட்டிப்போன கௌசிகா, கோபிகிருஷ்ணன் கையிலும் பட்டை இருந்ததைக் கண்டாள். அவள் பார்ப்பதைக் கவனித்த அவர், “ஓட்டு வேற, சங்கம் வேறம்மா,” என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டையை யாரும் கழற்றாததைப் பார்த்துக் கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. தொழிலாளி யாரைத் தன் துணை என்று சொல்கிறாரோ அவரே துணை, காரணம் கேட்கப்பட மாட்டாது என்று ஒப்பந்தத்தில் எழுதி, திருப்பதியில் அதிகாரி முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்கள். நாட்டுச் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. அது கௌசிகாவுக்கும் தெரியும். இருந்தாலும், ஒரு தொழிற்சாலையின் வாசலுக்குள் அவளும் அவளோடு வேலை செய்கிறவர்களும் சேர்ந்து மாற்றிய ஒன்று இருந்தது.

திருப்பதியிலிருந்து வேனில் திரும்பியவர்கள் அவரவர் வீட்டுக்குப் போகவில்லை. கடைத்தெருவில் இறங்கிப் பட்டாசு கொளுத்தினார்கள். சத்தம் கேட்டு பத்மாவதி கழுத்தில் டேப்போடு வெளியே வந்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரவிக்கை வாங்க வந்திருந்த பெண்களும் நின்றார்கள். கௌசிகா கம்பி வைத்த காலை லேசாக இழுத்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் பத்மாவதியின் கையைப் பிடித்தாள். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

“இவதான் பத்மாவதி. என் துணை,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

கிருஷ்ணப்பா இன்னொரு பட்டாசுச் சரத்துக்குத் திரி கிள்ளினார்.