வராத மதகுக்கும் ஒரு வரி

நான் ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்ல நேர்ந்தால், "சின்னதுதான்" என்று சேர்த்துக்கொண்டு, அவர் மேற்கொண்டு கேட்பதற்காகக் காத்திருப்பேன். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணினிகளுக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலை. நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் வியாதி. நான் எழுதிவந்த சிறுபத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அவற்றில் இரண்டு, என் கட்டுரை வந்த இதழோடேயே நின்றன. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் இன்றுவரை நம்பிவருகிறேன். கடைசியில் எல்லோரையும்போல நானும் இணையத்தில் ஒரு வலைப்பதிவு ஆரம்பித்து, மன்னார்குடிக்குப் பக்கத்தில் வயல் நடுவே வீடு கட்டியிருக்கும் என் மனைவியின் அண்ணனுக்குச் சுட்டியை அனுப்பிவிட்டு, அபிப்பிராயம் கேட்டுப் போன் செய்தேன்.

"சுத்திக்கிட்டே இருக்கு மாப்ள," என்றார்.

"கட்டுரையா?"

"இல்ல, வட்டம். நடுவுல ஒரு வட்டம் சுத்துது. அரை மணி நேரமா பாக்குறேன். நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு உட்கார்ந்து என் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றைக் கொண்டுவருவதற்கு அதன் பின்னால் படங்களும் விளம்பரங்களும் படிப்பவரை வேவு பார்க்கும் சாமான்களுமாக ஒரு கல்யாண ஊர்வலமே வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கடைசி வண்டியில் இருந்தார். வயல் நடுவே கிடைக்கிற ஒற்றைக் கோடு சிக்னலில் அவர் மண்டபம் வந்து சேர்வதாக இல்லை.

அந்தக் கோடை விடுமுறையில் நானே ஒரு வலைப்பதிவு மென்பொருளை எழுதினேன். அதில் படம் கிடையாது, விளம்பரம் கிடையாது, நிறம்கூடக் கிடையாது. எழுதினால் எழுத்து மட்டும் வரும். பாதியில் சிக்னல் போனாலும் எழுதியதைப் பத்திரமாக வைத்திருந்து, சிக்னல் திரும்பியதும் தானே அனுப்பிக்கொள்ளும். அதற்கு நான் வைத்த பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அப்போது கொஞ்சம் இலக்கிய மயக்கத்தில் இருந்தேன். பிறகு அதன் மூல நிரல் முழுவதையும் இணையத்தில் பொதுவில் வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை.

"சும்மாவா குடுக்குறீங்க?" என்றாள் என் மனைவி.

"ஆமா."

"அப்படியும் யாரும் வாங்கலையா?"

வாங்கவில்லை. மாதக்கணக்கில் என் ஒருவனுடைய பதிவு மட்டுமே அதில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தவறாமல் வந்து படித்தவை தேடுபொறி இயந்திரங்கள். அவை எந்த இடத்தில் சிரித்தன என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

இப்படிப் பொதுவில் வைக்கும் மென்பொருளோடு ஒரு குறைப்பெட்டியும் இருக்கும். பயன்படுத்துகிறவர்கள் அதில் குறை எழுதலாம். எழுதியவன் சரிசெய்துவிட்டு, குறை தீர்ந்தது என்று பெட்டியை மூடுவான். ஆவணி மாதம் ஒரு நாள் அதில் முதல் கடிதம் வந்திருந்தது.

"சார் வணக்கம். உங்க பக்கத்துல தண்ணி கீழேருந்து மேல ஏறுது. சீக்கிரம் சரி பண்ணித் தரவும்."

இரண்டு முறை படித்தேன். என் நிரலில் தண்ணீர் எங்கேயும் இல்லை. யாரோ குழாய் ரிப்பேருக்கு எழுத வேண்டியதை எனக்கு எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, கூடவே இருந்த சுட்டியைத் திறந்தேன்.

என் மென்பொருளில் இன்னொருவர் பக்கம். அதில் எட்டுப் பதிவுகள். ஒவ்வொன்றும் ஒரே வரி. "எட்டு. மதியம் 2.15. வந்தாச்சு." அதற்குக் கீழே, "ஏழு. காலை 9.00. வந்தாச்சு, முழங்கால் அளவு." அப்படியே இறங்கி, கடைசியில், "ஒண்ணு. காலை 6.20. தொறந்தாச்சு."

விஷயம் எனக்குப் புரிந்தது. புது ஆறு என்கிற பெரிய கால்வாயிலிருந்து பேராவூரணிப் பக்கம் பிரிந்துபோகும் ஒரு கிளை வாய்க்கால் அது. அதில் பதினொரு மதகுகள். ஒவ்வொரு மதகுக்கும் ஒருவர், தண்ணீர் வந்ததும் ஒரு வரி எழுதுகிறார். நான் கொஞ்சம் பெரிய மனிதத் தோரணையோடு பதில் எழுதினேன்: வலைப்பதிவு என்பது உலகம் முழுவதும் புதியது மேலே, பழையது கீழே என்ற வரிசையில்தான் இருக்கும், இது குறையல்ல, மரபு.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "உலகம் பூரா அப்படி இருக்கலாம் சார். இங்க தண்ணி மேலேருந்துதான் வருது. உங்க நம்பர் குடுங்க."

போனில் பேசியது ஒரு பெண். பதினொன்றாம் மதகுக்குப் பக்கத்து ஊர். கணக்குப் பட்டதாரி; காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்துவிட்டு, மீதி நேரத்தில் விவசாயம். அவருடைய அப்பா கூலிக்கு நாற்று பறித்த அதே வயலில் ஒன்பது மாவை, அதாவது மூன்று ஏக்கரை, இப்போது அவர் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறார்.

"போன முறை என்ன ஆச்சு தெரியுமா சார்?" என்றார். மேலே தண்ணீர் குறைவாக இருந்ததால் அந்த வாய்க்காலில் ஆறு நாள் தண்ணீர், பிறகு பத்து நாள் அடைப்பு என்று முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்க ஊரு ஆளுங்க பக்கத்தத் தொறந்து கீழ பாத்தாங்க. நாங்க கடைமடைதானே, கீழதானே இருப்போம்? கீழ 'தொறந்தாச்சு'ன்னு இருந்துச்சு. பதினாலு பேரு மம்பட்டியத் தூக்கிட்டுப் போயி, காஞ்ச வாய்க்கால்ல நாள் பூரா உக்காந்துட்டு வந்தோம். அது ஒண்ணாம் மதகு போட்ட வரி. ஆறு நாளும் முடிஞ்சுது. தண்ணி எட்டோட நின்னுபோச்சு."

நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவனா, சிரிக்க வேண்டியவனா என்று தெரியாமல் இருந்தேன். அவர்கள் செய்தது பிழையே அல்ல. ஒரு பக்கத்தை வாய்க்கால் மாதிரி படித்திருக்கிறார்கள். தலைமடை மேலே, கடைமடை கீழே. நான்தான் கடைமடையைத் தூக்கித் தலையில் வைத்திருந்தேன்.

"இதுக்கெல்லாம் போன்ல குழு வச்சுக்கலாமேம்மா?"

"வச்சோம் சார். காலை வணக்கம், ரோஜாப்பூ, பொறந்தநாள் வாழ்த்து, யாரோ ஒருத்தர் காலமானாரு, அதுக்கு நூறு பேரு கும்பிடு. தண்ணிச் சேதிய ரோஜாப்பூவுக்கு அடியில தேட வேண்டியிருந்துச்சு. உங்களுதுல பூவே போட முடியாதுல்ல, அதான் எடுத்தோம்."

என் மென்பொருளை யாராவது பாராட்டினால் என்னென்ன சொல்வார்கள் என்று பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். இது அதில் இல்லை.

வரிசையைத் திருப்புவதற்கு நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். போனை வைக்காமலே மாற்றினேன். "இப்ப பாருங்க," என்றேன். ஒரு வாய்க்கால் நேரானது.

"இன்னும் ஒண்ணு சார். வராத மதகும் தெரியணும்."

"எழுதினாத்தானேம்மா வரும். எழுதாததை எப்படிக் காட்டுறது?"

"வந்தவங்க மட்டும் தெரிஞ்சா, எல்லாருக்கும் வந்துட்ட மாதிரிதானே சார் இருக்கும்?"

பதிவு என்பது பேசுகிறவர்களின் இடம். பேசாதவர் அதில் இல்லை. இல்லாதவரைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். இத்தனை காலம் எழுதி, அதற்கென்று ஒரு மென்பொருளும் செய்தவனுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. அன்று மாலைக்குள் பதினொரு வரிகளையும் முன்கூட்டியே அச்சடித்தாற்போல் வைத்துக்கொடுத்தேன். தண்ணீர் வராத மதகுக்கு எண் மட்டும் இருக்கும். எதிரே வெறும் இடம்.

போனை வைப்பதற்கு முன்னால், அவ்வளவு அவசரம் ஏன் என்பதையும் சொல்லியிருந்தார். ஒரு மழையை நம்பிச் சம்பாவுக்கு நாற்று விட்டுவிட்டார். நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த முறைத் தண்ணீரும் வராவிட்டால் நாற்று கருகும். நாற்று கருகினால் நடவு இல்லை. நிலத்துக்காரர் ஏற்கனவே, "இந்தப் போகமும் நெல்லு வரலன்னா தென்னங்கன்னு வச்சுருவேன்மா" என்று சொல்லியிருக்கிறார். சுற்றிலும் தென்னந்தோப்புகள் உள்ள ஊர். தென்னை வைத்த நிலம் திரும்பக் குத்தகைக்கு வராது.

அடுத்த முறை ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் திறந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அடைப்பார்கள். நான் கல்லூரியில் வேலை பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. தண்ணீர் என் மேசைமேல் நடந்துபோவதுபோல இருந்தது. புதன்கிழமை மதியம் எட்டாம் வரி நிரம்பியது. அதோடு நின்றது.

வியாழன் முழுவதும் ஒன்பது, பத்து, பதினொன்று வெறுமையாகவே கிடந்தன. வெறும் இடத்தை அவ்வளவு நேரம் நான் உற்றுப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் மதகுக்காரர், தம் ஊரில் தண்ணீர் பாய்ந்து முடிந்தவர், ஒரு வரி போட்டார்.

"கீழ மூணு ஊரு காலியா கெடக்கு. எட்டுல பாத்தீங்களா?"

எட்டு ஒரு மணி நேரம் கழித்து எழுதியது: "எங்களுக்கு இன்னும் நாலு மா பாயணும்."

மூன்று: "கீழ பூராவும் பாயணும்."

ஐந்து: "நாங்க ராத்திரியே அடச்சுட்டோம்."

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. நான் வகுப்பறை ஒன்றில் படம் காட்டும் கருவியைச் சரிசெய்வதாகச் சொல்லிப் போய், அதை இன்னும் கொஞ்சம் கெடுத்துவிட்டுத் திரும்பினேன். வந்து பார்த்தபோது எட்டாம் வரியில் இப்படி இருந்தது: "அடச்சாச்சு. பாக்கிய அடுத்த முறையில பாத்துக்கறோம். போங்க."

அந்தப் 'போங்க' யாருக்கு என்று யோசித்தேன். தண்ணீருக்குத்தான் இருக்க வேண்டும். எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி நான் ஏழு கட்டுரை எழுதியிருக்கிறேன். அங்கதம் கூர்மையாக இருப்பதாகப் பெயர். சாக்கடை ஓர் அங்குலம் நகரவில்லை. இங்கே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இரண்டு ஊர்க்காரர்களுக்கு நடுவே, மூன்று வெற்றிடங்கள் ஒரு வாய்க்காலையே நகர்த்திவிட்டன. அந்த வெற்றிடங்களை எழுதச் சொன்னதுகூட நானில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். பட்டுக்கோட்டையில் மாறி, பேராவூரணி போய், அங்கிருந்து ஆட்டோவில் பதினொன்றாம் மதகுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் சாப்ட்வேர் சாரா? சின்னப் பையனா இருப்பீங்கன்னு நெனச்சேன். உங்க பக்கத்துலதான் போட்டோவே கெடையாதே."

"அதுக்காகத்தான் வைக்கலை," என்றேன்.

நாற்றங்காலைக் காட்டினார். நாற்றின் நுனி மஞ்சளடித்து, வெடிப்பு என் கைவிரல் போகுமளவுக்கு இருந்தது. என் போனில் ஒன்பதாம் வரி காலையிலும், பத்தாம் வரி மதியம் ஒன்றரைக்கும் நிரம்பியிருந்தன. அடைக்க இன்னும் இரண்டரை மணி நேரம். ஒருவர், "சார், ரீபிரஷ் பண்ணுங்க, வேகமா வரும்," என்றார். சிரித்தார்கள். நானும் அமுக்கிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. பிறந்தது முதல் இந்த ஜில்லாவில் இருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், இல்லாததைப் பார்த்திருக்கிறேன். வருவதைப் பார்த்ததேயில்லை. முதலில் கொக்குகள் வந்தன, வாய்க்காலுக்கு நேர்மேலாக, தாழ்வாக. பிறகு வளைவில் ஒரு பழுப்பு நுரை தெரிந்தது. அது ஓடவில்லை, ஊர்ந்தது. வைக்கோல், தென்னம்பாளை, ஒற்றை ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் நின்று அதை நிரப்பிவிட்டு, அடுத்த குழிக்கு வந்தது. காய்ந்த மண்ணிலிருந்து நண்டுகள் கிளம்பி ஓடின. யாரும் கத்தவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். நானும் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தேன்.

"சார், நீங்க போடுங்க. நான் மடைய வெட்டணும்," என்று போனை என் கையில் திணித்துவிட்டு அவர் வயலுக்குள் ஓடினார்.

பதினொன்றாம் வரி. முப்பது வருடமாக எழுதுகிறவன் கையில் கொடுத்திருக்கிறார். கொக்கைப் பற்றி ஒரு வாக்கியம், நுரையைப் பற்றி ஒன்று, மனிதர்களின் மௌனத்தைப் பற்றி இரண்டு எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அனுப்புவதற்குள் அவர் முழங்கால் வரை சேறோடு திரும்பிவந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணி வந்துச்சா இல்லையா சார் இதுல?"

"மூணாவது வரியில வருது."

விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி, எல்லாவற்றையும் அழித்தார். "பதினொண்ணு. 4.40. வந்துருச்சு." அனுப்பிவிட்டு மறுபடி வயலுக்குப் போனார். நான் நாற்றங்கால் வரப்பில் போய் நின்றேன். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்க இறங்க, உள்ளே இருந்த காற்று குமிழிட்டுக் குமிழிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் வயல் முழுக்கக் கேட்டது. ஆறு மணிக்குத் தலைமதகை அடைத்தார்கள். வாய்க்காலில் நின்ற தண்ணீர் இருட்டும்வரை பாய்ந்தது.

மூன்று வாரம் கழித்துக் குறைப்பெட்டியில் அவருடைய கடிதம் இருந்தது.

"சார், ஆறு மா நட்டாச்சு. மூணு மாவுக்கு நாத்து தேறல. நிலத்துக்காரரு வந்து பாத்தாரு, கன்னு பேச்ச இப்ப எடுக்கல. எட்டாம் மதகுல அந்த நாலு மாவுக்கும் இந்த முறை பாஞ்சிருச்சாம், அவங்களே போட்டிருந்தாங்க. உங்க பக்கத்துல வேற கொறை ஒண்ணும் இல்ல. இந்தப் பெட்டிய மூடிக்கிறீங்களா?"

மூடுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதன்மேல் கையை வைத்தேன். பிறகு, நடாத மூன்று மாவும் எங்காவது தெரிய வேண்டும் என்று தோன்றியதால், மூடவில்லை.