ஒரு ‘ப்’ கூடிப்போன வார்த்தை

காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் பத்து நிமிஷத்துக்குள் கேட்டுவிடுவார்கள்: “பிள்ளைக எத்தன?” “இருபத்தெட்டு” என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் இவளுக்கு என்னவோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதற்குமேல் கேள்வி வராது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

ராஜபாளையத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் நான் ப்ரீகேஜி டீச்சர். சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். கல்யாணமான நாலாம் வருஷம் தனியாளாகி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்தேன். ஏன், எப்படி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கேட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போன கதை அது.

காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை வாய் மூடாமல் பேசுவேன். உட்காரு, எந்திரிக்காதே, அடுத்தவன் டப்பாவில் கை வைக்காதே, மூக்கில் என்ன அது, கொண்டா. மூன்றரைக்கு பஸ் ஏறினால் மறுநாள் காலைவரை என்னிடம் பேச ஆளில்லை. அறைக் கதவைத் திறந்தால் காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். யாராவது அதைக் கொஞ்சம் நகர்த்தியாவது வைத்திருக்கக்கூடாதா என்று தோன்றும். குழம்பு ருசி பார்த்துவிட்டு “வெரி குட்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட நாளெல்லாம் உண்டு. ஒருமுறை சில்லறை சரியாகக் கொடுத்த கண்டக்டரிடமும் சொல்லித் தொலைத்தேன். அந்த மனுஷன் அந்த வாரம் முழுக்க என்னைக் கண்டாலே படிக்கட்டில் போய் நின்றுகொண்டார்.

“சின்னப் பிள்ளைகளோட விளையாடுறதுதான மிஸ், நோகாத வேல” என்பார்கள். வந்து விளையாடிப் பாருங்கள். இருபத்தெட்டு ஜோடி ஷூவில் பாதி வலது இடது மாறித்தான் வரும். ஒருத்தன் அழுதால் எதற்கென்றே தெரியாமல் ஒன்பது பேர் அழுவார்கள். மூன்றரை வயசுப் பிள்ளைக்குப் பென்சிலைப் பிடிக்கவே விரல் திடமாகியிருக்காது. “இன்னும் ஏ பி சி டி எழுதலையே” என்று அம்மாக்கள் வாட்ஸப் குரூப்பில் வரிசைகட்டி வருவார்கள். நடுநடுவே ஏதாவது ஒன்று மடியில் தலைசாய்த்துத் தூங்கிவிடும். தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும் அந்தத் தலையை நகர்த்த மனசு வராமல் கால் மரத்துப்போக உட்கார்ந்திருப்பேன். நாள் முழுக்க என்னைத் தொடுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜூன் மாதத்தில் ஒரு பெண்பிள்ளை சேர்ந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ராஜபாளையத்தில் அது அதிசயமில்லை. வகுப்பில் எப்போதும் ஏழெட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். தெருவில் விளையாடியே தமிழையும் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இவள் கூட்டுக் குடும்பத்தில் கைமாறிக் கைமாறி வளர்ந்தவள், தெருவில் இறங்காதவள். முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் அழுகை நின்றது. நானும் ஒரு தலைவலி தீர்ந்தது என்று நினைத்தேன்.

அந்த ஜூன் கடைசியில் ஒருநாள் ஆயாம்மா லீவு. இரண்டு பேர் கால்சட்டையிலேயே போய்விட்டார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாள். நான் தரையில் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது இவள் வந்து என் தோளைத் தொட்டாள்.

“மிஸ், கடுப்பு.”

எனக்குச் சுருக்கென்றது. மூன்றரை வயசில் பேச்சைப் பார் என்று நினைத்தேன். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைத்தானே பிள்ளைகள் பிடித்துக்கொண்டு வருகின்றன.

“ஒனக்கு என்னடி கடுப்பு? எனக்குல்லா கடுப்பா இருக்கு!” என்று சொல்லிச் சிரித்தேன். நான் சிரித்ததால் வகுப்பே சிரித்தது. அவள் மறுபடி, கொஞ்சம் சத்தமாக, “கடுப்பு மிஸ்” என்றாள்.

“ஃபிங்கர் ஆன் லிப்ஸ்” என்றேன்.

எங்கள் தொழிலில் கைவசம் உள்ள ஒரே ஆயுதம் அது. சொன்னதும் இருபத்தெட்டு ஆள்காட்டி விரலும் உதட்டுக்கு ஏற வேண்டும். அவளும் வைத்துக்கொண்டாள். வைத்த விரலோடு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கால்மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டு, சட்டை மாற்றி, அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். “காலையில என்ன குடுத்தீங்க?” என்று அந்த அம்மாவிடம் ஒரு அதட்டலும் போட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. சாப்பிடுவாள், வரைவாள், கூப்பிட்டால் வருவாள். வாய் மட்டும் திறக்காது. “வீட்ல வாயே மூட மாட்டேங்கா மிஸ்” என்பார் அவள் அம்மா. எல்லா அம்மாவும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன். அரையாண்டு முடிந்ததும் பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

“பொங்கல் லீவு முடிஞ்சு நானே வகுப்புக்கு வருவேன். அதுக்குள்ள அவ ஏதாவது பேசணும். இல்லன்னா நம்ம ஸ்கூல் அவளுக்குச் சரிப்படாது. மதுரைல அதுக்குன்னு ஸ்கூல் இருக்கு, டிசி குடுத்துருவோம். கிளாஸ் டீச்சர் கையெழுத்து நீங்கதான் போடணும்.”

தாளில் ‘பேச்சுத் திறன்: இல்லை’ என்று முன்கூட்டியே எழுதியிருந்தது. மேடம்மேல் கோபம் வந்தது. பிள்ளைமேல் அதைவிட அதிகமாக வந்தது. இம்புட்டுப் பாடுபடுகிறேன், ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவாள்?

அந்த வாரமே ஒருநாள் சாயங்காலம், தொண்டைக்கு மாத்திரை வாங்க ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் ஒரு பையன். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு “கடுபு, கடுபு” என்று நெளிந்தான். அந்தப் பெண் கடைக்காரரிடம், “பிள்ளைக்கு வயித்து வலிண்ணே, காலைல இருந்து” என்றாள்.

“அவன் என்னமோ சொன்னானே, என்னங்க அது?” என்று கேட்டேன்.

“வயிறுங்க. எங்க தெலுங்குல வயித்தக் கடுபுன்னு சொல்லுவோம்.”

மாத்திரையை வாங்கினேனா என்று ஞாபகமில்லை. என் பஸ் வந்து, நின்று, போனது. ஜூனில் அந்தப் பிள்ளை சொன்னதற்கும் என் காதில் விழுந்ததற்கும் நடுவே ஒரு ‘ப்’தான் வித்தியாசம். வயிறு வலிக்கிறது என்று ஒரு குழந்தை வந்து சொல்லியிருக்கிறது. புது இடத்தில், அழுகையை அடக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே மொழியில், என்னை நம்பிச் சொல்லியிருக்கிறது. நான் ஊர் கூட்டிச் சிரித்து, வாயில் விரலை வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏழு மாதமாக அந்தப் பிள்ளை நான் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அந்த ஊரில் சம்பளம் வாங்கி, பக்கத்து வீட்டுப் பேச்சில் வயிற்றுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அதைச் சொல்லி அழ எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் பிள்ளைகளின் அம்மாக்கள்.

மறுநாள் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். என் வயிற்றில் கை வைத்து, “கடுபு” என்றேன். அவள் பார்த்தாள். “சாரி” என்றேன். பிள்ளைகள் சண்டை போட்டால் ஒருவருக்கொருவர் சொல்லவைக்கிற வார்த்தை அது. அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். “ஏ, மிஸ் சாரி சொல்லுதாங்க!” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கூவினான். அவள் வரைவதற்குத் திரும்பிவிட்டாள். வாயில் விரலை வைக்கச் சொன்ன மாதிரி, எடுக்கச் சொல்வது லேசான வேலையா என்ன.

ஆயாம்மாவும் தெலுங்கு பேசுகிறவர்தான். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று தினம் நாலு வார்த்தை கேட்டுக்கொள்வேன். “எதுக்கு டீச்சர் எங்க பேச்செல்லாம் ஒங்களுக்கு?” என்று சிரிப்பார். பசி, வலி, வா, வேண்டாம், யார், எங்கே. சாயங்காலம் அறையில் அவற்றைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். என் அறைக்கு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று கீழ்வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். கேட்டும் விட்டார்கள். எனக்கு அந்த அறையில் குரல் கேட்பது பிடித்திருந்தது, என் குரல்தான் என்றாலும்.

பொங்கல் விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு. சாப்பாட்டு நேரம். அவள் டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டு, “நீலு வேணுமா?” என்று தண்ணீர் பாட்டிலைக் காட்டினேன். அவள் முகம் சுளித்தாள். தப்பாக எழுதினால் நான் சுளிப்பேனே, அதே சுளிப்பு.

“நீலு காது மிஸ்,” என்றாள். “நீள்ளு.”

அவர்கள் பேச்சில் ‘காது’ என்றால் ‘இல்லை’. “நீலு,” என்றேன் வேண்டுமென்றே.

“காது! நீள்ளு!” நாக்கை மேலே மடித்து, எனக்குக் காட்டிக் காட்டிச் சொன்னாள். நாலு தடவை சொல்லவைத்தாள். நான் சரியாகச் சொன்னதும், “வெரி குட்” என்றாள். நான் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் சோற்றைத் தின்ன வேண்டும் என்று நெளிந்து இறங்கிப் போய்விட்டாள்.

லீவு முடிந்து பிரின்சிபால் மேடம் வந்தார், கையில் படங்களும் அந்தத் தாளுமாக. ஆப்பிளைக் காட்டி “வாட் இஸ் திஸ்?” என்றார். பிள்ளை என்னைப் பார்த்தாள். மேடம் இன்னொரு தடவை கேட்டார். பிள்ளையின் கை மெல்ல உதட்டுப் பக்கம் போனது. மேடம் பேனாவைத் திறந்தார். இங்கிலீஷ் தவிர எதுவும் பேசக்கூடாது என்று எனக்கு நேர் மேலே போர்டு தொங்குகிறது. தொங்கட்டும் என்று நினைத்தேன்.

“இதேமி கண்ணு?” என்றேன்.

“ஆப்பிலு!” என்றாள் பளிச்சென்று.

மேடம் என்னை முறைத்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். “சரி, ஆப்பிள் இங்கிலீஷ்தான்” என்று தாளைக் கிழித்துப்போட்டார். வெளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இங்கிலீஷ் மீடியத்துல வச்சு தெலுங்குல பேச வச்சோம்னு வெளிய போகக்கூடாது. அவங்க அம்மாகிட்டயும் மூச்சு விடாதீங்க” என்றார். தலையாட்டினேன். ஜூன் மாதத்தில் நான் செய்ததை அந்த அம்மாவிடம் சொல்லாமலிருக்க எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

வருஷக் கடைசியில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எம்பிள்ளையப் பேச வச்சதே நீங்கதான் மிஸ். இப்ப பொய்யும் சேத்துப் பேசுதா. நீங்க அவகிட்ட தெலுங்குல பேசுறீங்களாம்! அடிச்சு விடுதா பாருங்க.”

உண்மைதான் என்று சொல்லியிருக்கலாம். பின்னாலேயே, ஏன் பேசினீர்கள் என்ற கேள்வி வந்திருக்கும். நான் சிரித்து மழுப்பினேன். அந்தப் பிள்ளையை இரண்டாவது தடவை வாயடைத்தது அன்றைக்குத்தான். எல்கேஜிக்கு வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அப்படிப் போகிறவர்கள்தான். ஒண்ணாம் வகுப்பு வாத்தியாரைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ப்ரீகேஜி டீச்சரை ஞாபகம் வைத்திருக்கும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையையும் அனுப்பும்போது, இது மறக்காது என்று ஒரு நப்பாசை இருக்கும். இவள் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை ஒன்றின் முன்னால் அவளைப் பார்த்தேன். முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள், தெலுங்கும் தமிழுமாக, போகிற வருகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி. கேட்டுக்கொண்டே நின்றேன். அவள் அம்மாதான் முதலில் என்னைப் பார்த்தார்.

“மிஸ்! நீங்க இந்த ஊர்தானா? ஏட்டி, யாரு பாரு!”

பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நன்றாக, நிதானமாக, மேலிருந்து கீழ்வரை. பிறகு அம்மா பக்கம் திரும்பி, கணீரென்று கேட்டாள்:

“எவரம்மா ஈமெ?”

யாரம்மா இது என்று.

அந்த அம்மாவின் முகம் ஒரு நொடி வாடிப்போனது. நல்ல மனுஷி. சட்டென்று சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, எனக்காகத் தமிழில் சொன்னார்:

“மிஸ் எப்படி இருக்கீங்கன்னு கேக்கா.”

“நல்லா இருக்கேன்னு சொல்லுங்க,” என்றேன்.