சுல்மாவின் கரும்பிசின்

பாறை அரக்கன் விழுந்ததும் மற்றவர்கள் அவன் காவல் காத்த பேழையை நோக்கி ஓடுவார்கள். சுல்மா குகைச் சுவரோரம் குனிந்து காளான் பறித்துக்கொண்டிருப்பாள். காளான் தீர்ந்த பிறகுதான் அரக்கனின் உடலுக்கு வருவாள். பல், நகம், தோல், அவன் இடுப்பில் செருகியிருந்த துருப்பிடித்த ஆணி என்று ஒன்றையும் விடமாட்டாள். அதற்குள் அவள் காதுக்கருவியில் ஹெபர் கத்தத் தொடங்கியிருப்பான்.

"ஏம்மா, இங்க வாள் இருக்கு, கவசம் இருக்கு. நீ காளான் பொறுக்கிட்டிருக்க! காய்கறிச் சந்தைக்கா வந்திருக்க?"

"வாள நீயே வச்சுக்க. இந்த மூலைல இன்னும் மூணு இருக்கு, முடிச்சுட்டு வந்துர்றேன்."

சுல்மா பெந்தான்கோருக்கு ஐம்பத்தொரு வயது. உருகுவாய் நாட்டில் பைசாந்தூ என்ற ஊரில், உருகுவாய் ஆற்றங்கரையிலிருந்து மூன்றாவது தெருவில் தனியாக இருக்கிறாள். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. ஓடும் பட்டையில் பழங்கள் உருண்டு வரும். கறை பட்டது, நசுங்கியது, காம்பு கிழிந்தது எல்லாவற்றையும் கண் பார்க்குமுன் கை ஒதுக்கித் தள்ளிவிடும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். மூன்று மணிக்கு மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு இணைய விளையாட்டுக்காகக் கணினிமுன் உட்கார்ந்துவிட்டால் அதே கைக்கு எதையும் தள்ள மனம் வராது.

குழுவில் மொத்தம் மூன்று பேர், மூவரும் ஒரே ஊர். ஹெபர் வேனில் கடை கடையாக ரொட்டி போடுகிறவன். யானினா பல் மருத்துவமனை ஒன்றில் சீட்டு எழுதிக் கொடுக்கும் பெண். ஆட்டத்தில் வழியில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு ஆயுதம் வடிக்கலாம், மருந்து காய்ச்சலாம், கோட்டைகூடக் கட்டலாம். அந்த விளையாட்டில் பொருள் சேர்ப்பதே அதற்குத்தான். சுல்மா நான்கு வருடமாகச் சேர்க்கிறாள். ஒரு கரண்டிகூடச் செய்ததில்லை. ஆட்டத்தின் முதல் நாள் எல்லாருக்கும் இலவசமாகத் தரும் மொக்கைக் கத்திதான் இன்றும் அவள் கையில்.

அவளிடம் முப்பத்தொரு பெட்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். 'ஓநாய்த் தோல், நல்லது.' 'ஓநாய்த் தோல், சுமார்.' 'வெள்ளிப்பாசி.' 'என்னன்னு தெரியல.' கடைசிப் பெயரில் மட்டும் நான்கு பெட்டிகள். மூட்டை கனம் மீறினால் அந்த உலகத்தில் ஓட முடியாது, நடைதான். சுல்மா ஓடி யாரும் பார்த்ததில்லை. போருக்குப் போகும் வழியில் மற்ற இருவரும் குன்றின்மேல் ஏறி நின்று, கீழே ஆமைபோல ஊர்ந்து வரும் அவளுக்காகக் காத்திருப்பார்கள்.

"டோன்யா சுல்மா, இவ்வளவும் எதுக்குங்க?" என்று யானினா ஒருநாள் கேட்டாள். வயதில் மூத்த பெண்களை அவள் மரியாதையாக 'டோன்யா' போட்டுத்தான் அழைப்பாள்.

"தேவைப்படும்."

"எப்போ?"

"தேவைப்படுறப்ப."

ஏப்ரலில் தேவைப்பட்டது. ஒரு வருடமாகக் கல் கல்லாக மூவரும் கட்டிய கோட்டையைக் கொள்ளையர் கூட்டம் ஒன்று குறிவைத்திருப்பதாகத் தகவல் வந்தது. வாசலில் இருந்தது மெல்லிய பலகைக் கதவு. கெட்டிக் கதவு செய்யக் கரும்பிசின் நாற்பது வேண்டும். ஹெபரிடம் மூன்று இருந்தது, யானினாவிடம் ஒன்றும் இல்லை. சுல்மாவின் பெட்டியில் அறுநூற்றுப் பன்னிரண்டு.

"நாப்பதுதானேம்மா கேக்கறேன்" என்றான் ஹெபர்.

சுல்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். "அது அப்படியே இருக்கட்டும், ஹெபர். முழுசா இருக்கு. பிரிக்க வேணாம்."

மறுநாள் பலகைக் கதவு நொறுங்கியது. சுவரில் மாட்டியிருந்த ஹெபரின் வாள்கள் போயின, யானினா காய்ச்சி அலமாரியில் வைத்திருந்த மருந்தெல்லாம் போயிற்று. பூட்டிய பெட்டியை அதன் சொந்தக்காரர் மட்டுமே திறக்க முடியும் என்பதால் சுல்மாவுக்கு ஒரு இறகுகூடக் குறையவில்லை. "உன் காளானைக் கட்டிக்கிட்டு அழு!" என்று சொல்லிவிட்டு ஹெபர் போனவன்தான், இரண்டு வாரம் ஆட்டத்துக்கே வரவில்லை.

பிறகு ஊரில் நிஜமாகவே ஆற்று வெள்ளம் ஏறியது. முதல் நாள் கரையோரப் புல்வெளி, மறுநாள் முதல் தெரு. மூன்றாம் தெருக்காரர்கள் சாமான் கட்டத் தொடங்கிய காலையில், ரொட்டி வேனைக் காலி செய்துகொண்டு ஹெபர் சுல்மாவின் வாசலில் வந்து நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கயிறு, சாக்கு, இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பழைய செய்தித்தாள் எல்லாம் கொண்டுவந்திருந்தான். முப்பத்தொரு பெட்டிக்காரியின் வீடு எப்படி இருக்கும் என்று அவனுக்குள் ஒரு கணக்கு. குறைந்தது நான்கு நடை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

கட்டில், மேசை, இரண்டு நாற்காலி, குளிர்பெட்டி, கணினி. அடுக்களையில் ஒரு பானை, இரண்டு தட்டு. பன்னிரண்டு நிமிடத்தில் வேன் கதவைச் சாத்தியாகிவிட்டது. செய்தித்தாளில் ஒரு தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

"மத்ததெல்லாம் எங்க?" ஹெபர் அறை அறையாக எட்டிப் பார்த்தான்.

"அவ்வளவுதான்."

"சும்மா சொல்லாத. தண்ணி வந்துட்டிருக்கு."

"எனக்கு இது நாலாவது தண்ணி, ஹெபர். மொத தடவ தையல் மிஷினு, கல்யாண அலமாரி போச்சு. ரெண்டாவது தடவ மெத்தையும் துணியும். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் வாங்கறதில்ல. வா, போலாம்."

ஹெபர் வீட்டுப் பின்னறையில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவன் மனைவி இரண்டு இழுப்பறையைக் காலி செய்து கொடுத்தாள். ஒன்றே போதுமானதாக இருந்தது. பார்க்க வந்த யானினாவுக்கு அந்த இழுப்பறையைக் கண்டதும் பொறி தட்டியது. "இதனாலதான் அங்க அவ்வளவு சேக்கறீங்களா, டோன்யா? அங்க வெள்ளம் வராதுன்னு?"

சுல்மா இழுப்பறையை உள்ளே தள்ளினாள். "அப்படியெல்லாம் இல்லம்மா. கீழ கெடக்கு, எடுக்கறேன்."

குளிர்பெட்டியைத் தூக்கியதில் ஹெபருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதைப் பற்றியும் பேசவில்லை, பிசினைப் பற்றியும் பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் மாத்தே குடுவையை அவனிடம் நீட்டிக்கொண்டே சுல்மா கேட்டாள்:

"ஒண்ணுமே கேக்க மாட்டேங்கற?"

"என்னத்த?"

"பிசின."

"கேட்டா குடுப்பியாக்கும்."

"நாப்பதா, அம்பதா?"

ஹெபர் குடுவையை வைத்துவிட்டு எழுந்து, இடுப்பைப் பிடித்தபடி கணினிமுன் இருந்த அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். திரையில் சுல்மா மூட்டையோடு நடந்து கோட்டை வாசலுக்குப் போய்ச் சேரவே கால்மணி நேரம் பிடித்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. பட்டியலில் கதவைத் தேர்ந்தெடுத்தாள். செலவாகும் பொருள் திரும்பக் கிடைக்காது, சம்மதமா என்று ஆட்டம் கேட்டது. அவள் விரல் சுட்டியின்மேல் வெகுநேரம் நின்றது.

"வேணாம்னா விடு" என்றான் ஹெபர். "நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"சும்மா இரு."

அழுத்தினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு ஐந்நூற்று எழுபத்திரண்டு ஆனது. வாசலில் கரிய கதவு எழுந்து நின்றது, இரண்டு ஆள் உயரம். ஹெபர் பின்னாலிருந்து சீட்டியடித்தான். சுல்மா கதவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதன் காலடியில், ஏப்ரலில் நொறுங்கிய பலகையின் சிராய்கள் சிதறிக் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து மூட்டையில் போடத் தொடங்கினாள்.