தெளிந்த ஸ்டார்ச்

மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனியில் நான் கெமிஸ்டாகச் சேர்ந்த முதல் நாளே, ஒரு திருடியைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் அதற்குப் பாடம் கிடையாது. எண்பதுகளின் கடைசி. லேபில் வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். பயன்படாவிட்டால் மேனேஜர்களைப் பற்றியாவது தெரிந்துகொள்ளலாம்.

1. திருடி

மேனேஜர் கோதண்டத்தின் வேட்டியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அந்த அளவுக்குக் கஞ்சி. அவர் உட்காரும்போது வேட்டி மடங்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். முந்தைய கெமிஸ்ட் போன வாரம் துபாய்க்குப் போய்விட்டதால், லேப் சோதனைகளையும் அவரே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால் ஆகாத வேலை உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

"தம்பி, போன வாரத்துலேர்ந்து எந்த லோடுலயும் அயோடின் இல்ல. டெஸ்ட் பண்ணா நீலமே வரமாட்டேங்குது. ஸ்பிரே அடிக்கிற அஞ்சலை மருந்த வெளிய வித்துட்டு, வெறும் தண்ணிய அடிக்கிறா. நீ ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடு. சாயங்காலம் பாய் வந்ததும் அவள அனுப்பிடலாம்."

பாய் என்றால் முதலாளி, கூனிமேட்டுக்காரர். மருந்து என்றால் பொட்டாசியம் அயோடேட். தூளாக்கிய உப்பைத் தளத்தில் பரப்பி, அந்தக் கரைசலை முதுகில் மாட்டும் ஸ்பிரேயரால் அடிப்பது அஞ்சலையின் வேலை. அஞ்சலையின் ஊரான எக்கியார்குப்பத்தில் பொட்டாசியம் அயோடேட்டை யார் வாங்குவார்கள், மீன் குழம்புக்கா என்று கேட்க வாய் துடித்தது. முதல் நாள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அஞ்சலை லேப் வாசலில் நின்றிருந்தாள். லோடு ஏற்றும் ஆட்கள் எல்லோர் முன்னாலும் அவளைத் திருடி என்று சொல்லி, ஸ்பிரேயரையும் பிடுங்கி வைத்திருந்தார் மேனேஜர்.

"சார், வேல போனா போவட்டும்," என்றாள். "எம்பொண்ண வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. ஆத்தாக்காரி திருடின்னு பேரு போச்சுன்னா எவன் வந்து கட்டுவான்? ஒழுங்கா பாத்து எழுதுங்க சார்."

2. கசடு

சோதனை சுலபம். உப்பைத் தண்ணீரில் கரைத்து, இரண்டு சொட்டு ஆசிட், கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடு, கடைசியில் ஸ்டார்ச் கரைசல். அயோடின் இருந்தால் நீலம் வரும். அஞ்சலை மருந்து அடித்த உப்பில் ஆசிடும் அயோடைடும் விட்டதுமே இளமஞ்சள் எட்டிப் பார்த்தது. அது அயோடினின் நிறம். ஆனால் ஸ்டார்ச் விட்டும் நீலம் வரவில்லை.

"பாத்தியா?" என்றார் மேனேஜர், சொந்த மகன் பரீட்சையில் பாஸான சந்தோஷத்தோடு.

"மஞ்சளா இருக்குதே சார்."

"அது அழுக்கு."

ஸ்டார்ச் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மேலே பளிங்கு போலத் தண்ணீர். அடியில் விரல் கனத்துக்கு வெள்ளையாக ஏதோ. குலுக்கப் போனேன். மேனேஜர் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"கலக்காத தம்பி! கசடு அது. தெளிஞ்சத மட்டும் எடுக்கணும்."

"இத எப்படி சார் செஞ்சீங்க?"

"எப்படின்னா? தண்ணியில மாவப் போட்டேன், கலக்குனேன், தெளிய வெச்சேன்."

"காய்ச்சலையா?"

"மாவப் போயி எதுக்குக் காய்ச்சணும்? ஸ்பிரிட்டு என்ன கெணத்துலயா ஊறுது?"

ஸ்பிரிட் விளக்கின் திரி கடையிலிருந்து வந்த வெண்மை மாறாமல் இருந்தது. ஸ்டார்ச்சை அடியில் விட்டுவிட்டு, அதைக் கழுவிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு பெண்பிள்ளையைத் திருடி ஆக்கியிருக்கிறார் மனிதர். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் போட முடியாது.

காய்ச்சினால்தான் நீலம் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். "காய்ச்சினா வரும்னா, அது காய்ச்சுனதால வந்த நீலம். உப்புலேர்ந்து வந்துதுன்னு என்ன நிச்சயம்?"

3. சந்தனம் பூசிய மைக்ரோஸ்கோப்

கம்பெனியில் ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது. முதலாளி அறையின் கண்ணாடி பீரோவில், வருகிறவர்கள் பார்த்து மலைக்க. வருடம் ஒருமுறை ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்பப் பூட்டுவார்கள். சாயங்காலம் பாய் வந்ததும் அதைக் கேட்டு வாங்கினேன். லென்ஸிலேயே பொட்டு வைத்திருந்தார்கள். துடைக்கக் கால்மணி நேரம் ஆனது.

பாட்டிலின் அடியிலிருந்த 'கசடை' ஒரு சொட்டு ஸ்லைடில் வைத்து, பாயைப் பார்க்கச் சொன்னேன்.

"மாஷா அல்லா! கிளிஞ்சலாட்டம் இருக்குதே," என்றார்.

அவர் சொன்னது சரி. உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சின் துகள் அப்படித்தான் இருக்கும். முட்டை வடிவம்; ஒரு ஓரமாகச் சின்னப் புள்ளி; அதைச் சுற்றி வரி வரியாக அடுக்குகள். செடி தனக்கென்று சேர்த்து, மூட்டை கட்டி வைக்கும் சாப்பாடு அது. பச்சைத் தண்ணீரில் அந்த மூட்டை அவிழாது, அப்படியே அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றுகூட உடையாமல் கிடந்தது.

முதலுதவிப் பெட்டியிலிருந்த டிங்சர் அயோடினில் ஒரு துளியை நீர்க்கவிட்டு ஸ்லைடின் ஓரத்தில் வைத்தேன். துகள்கள் ஒவ்வொன்றாக நீலமாயின. சுற்றியிருந்த தண்ணீரில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தத் தண்ணீரைத்தான் ஒரு வாரமாக மேனேஜர் பக்தியோடு எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அதே கசடைத் தண்ணீரில் கொதிக்கவைத்தேன். ஸ்பிரிட் விளக்கு எரிவதை மேனேஜர் வயிறெரியப் பார்த்தார். ஆறியதும் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, டிங்சர் விட்டேன். வரிகளைக் காணோம், கிளிஞ்சல்களைக் காணோம். துகள்கள் ஊதி வெடித்து உள்ளே இருந்தது வெளியே வந்து, பார்க்கிற இடமெல்லாம் நீலம். மேனேஜரும் குனிந்து பார்த்தார். அவர் வேட்டி மட்டும்தான் சத்தம் போட்டது.

காய்ச்சிய ஸ்டார்ச்சில் மீதியை இரண்டு கிளாஸில் விட்டு, இரண்டிலும் ஆசிடும் அயோடைடும் சேர்த்தேன். உப்புப் பாத்தியிலிருந்து மருந்தடிக்காமல் அப்படியே அள்ளிவந்த உப்பின் கரைசலை ஒன்றில் விட்டேன், நீலம் வரவில்லை. மற்றதில் அஞ்சலை மருந்தடித்த உப்பின் கரைசலை விட்டதும் நீலமாயிற்று.

பாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏங்க கோதண்டம், உங்க வேட்டிக்கு ஊட்டுல பச்சத் தண்ணியிலயா கஞ்சி போடுறாங்க?"

"அது வேற, பாய்."

"என்ன வேற? எல்லார் முன்னாடியும்தான திருடின்னீங்க? எல்லார் முன்னாடியும் போய்ச் சொல்லிட்டு வாங்க."

4. மன்னிப்பு

லாரி பக்கத்தில் ஆட்களைக் கூட்டி மேனேஜர் பேசினார். "இந்த விஷயத்துல கம்பெனி மேலயும் தப்பு இல்ல, அஞ்சலை மேலயும் தப்பு இல்ல. அந்த உருளக்கெழங்கு ஸ்டார்ச்சுலதான் கோளாறு. கெமிஸ்டு தம்பி கண்டுபுடிச்சிட்டாரு." சொல்லிவிட்டு ஸ்பிரேயரை ஒரு விருது கொடுக்கிற மாதிரி அவளிடம் நீட்டினார்.

அஞ்சலை அதை வாங்கித் தோளில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டினாள்.

"கெழங்கு மேல தப்பா?" என்றாள். "நல்ல வேள. கெழங்குக்குக் கட்டிக்குடுக்குற வயசுல பொண்ணு இல்ல."

மேனேஜர் அவசரமாக ஒரு வேலை ஞாபகம் வந்தவராக உள்ளே போய்விட்டார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு பொருள் 'இல்லை' என்று எழுதுவதற்கு முன்னால், இருக்கிறது என்று தெரிந்த ஒன்றில் அதே சோதனையைச் செய்து பாருங்கள். உங்கள் பாட்டிலுக்கு 'ஆமாம்' சொல்லத் தெரியுமா என்பது அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள், மேனேஜரில் ஆரம்பித்து.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு லோடுக்கும் அஞ்சலை லேப் வாசலில் வந்து நிற்பாள். கிளாஸில் நீலம் வருவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் லாரியை எடுக்க விடுவாள். இதற்கு மேனேஜர் ஆட்சேபம் தெரிவித்தார். ஸ்பிரிட் செலவாகிறதாம்.