பாட்டுக்குப் பின்னால் ஒரு தாழ்ப்பாள்

பங்க் இசையை நான் ஒருமுறைகூட உரக்க வைத்துக் கேட்டதில்லை. உரக்க ஒலிப்பதற்கென்றே பிறந்த இசை அது. கிட்டாரில் இரண்டு மூன்று பிடிகள் தெரிந்தால் போதும், மற்றதைக் கோபம் பார்த்துக்கொள்ளும். அந்த இசையை நான் டேப் ரெக்கார்டரின் ஒலிக்குமிழை மிகக் குறைவாகத் திருகி, ஸ்பீக்கரின் துணியில் காதை ஒட்டவைத்துக் கேட்டு வளர்ந்தேன். ஒரு காது பாட்டுக்கு. இன்னொரு காது வாசலுக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் பூனாவின் கட்கியில், பாதுகாப்புத் துறைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா கணக்குப் பிரிவில் அதிகாரி. கல்லூரியில் வெளிநாட்டு மாணவி ஒருத்தி நகலெடுத்துக் கொடுத்த கேசட் ஒன்றிலிருந்து என் பித்து தொடங்கியது. உறையில் பெயர் கிடையாது. யார் பாடுகிறார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று எதுவும் தெரியாமலே அந்தக் கேசட் தேயும்வரை கேட்டேன். ஒரு பெண்குரல், தன்னை யாரும் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவளைப் போலக் கத்தும். அதைக் கேட்கையில் எனக்கு இனம்புரியாத ஒரு நிம்மதி.

ஹெட்போன் வாங்க வசதி இல்லாமல் இல்லை. அதை மாட்டிக்கொண்டால் அப்பாவின் ஸ்கூட்டர் கேட்காது. அதனால் கடைசிவரை வாங்கவில்லை. குடியிருப்பின் வளைவில் அது கியர் மாற்றும் ஓசை கேட்டதுமே என் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விடும். அதே நேரத்தில் சமையலறை ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் எழும்: "அப்படியே திரும்பி கொத்தமல்லி வாங்கிட்டு வந்துடுங்க, மறந்துட்டேன்." அப்பா அலுத்துக்கொண்டே வண்டியைத் திருப்புவார். இவளுக்கு ஒரு நாளாவது காலையிலேயே சொல்லத் தெரிகிறதா என்பார். அம்மாவின் மறதி எங்கள் வீட்டில் ஒரு நிரந்தரக் கேலிப்பொருள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் ஸ்கூட்டர் பழுதாகி அப்பா நடந்து வந்தார். எனக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றிருந்தாரோ தெரியாது. திரும்பியபோது அவர் முகத்தில் கோபமே இல்லை.

"இந்தப் பொண்ணு எதுக்கு இப்படிக் கத்துது?" என்றார். "வீட்டுல சோறு போடலையா?"

அவர் கேசட்டை வெளியே எடுத்தார். ஓர் அலுவலகக் கோப்பைப் பிரிக்கும் நிதானத்தோடு நாடாவை முழுவதுமாக உருவி, பழுப்புச் சுருளாக என் மடியில் போட்டுவிட்டு, கைகால் கழுவப் போனார். அவர் என்னை அடித்ததே இல்லை. ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு காலடி ஓசைகளை இனம் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். செருப்பின் தேய்மானம், கதவுக் கொக்கி, மாடிப்படியில் ஏற்படும் தயக்கம் என்று இசைக்குப் பின்னால் இருக்கும் எல்லாமே எனக்குக் கேட்கத் தொடங்கின. இசை ரசனை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, பயம் எனக்குக் கொடுத்த பயிற்சி.

பிறகு திருமணம், பூனாவிலேயே கோந்த்வாவில் வீடு, கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர் வேலை. இணையம் வீட்டுக்குள் வந்த பிறகு என்னைப் போன்றவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடப்பது தெரிந்தது. பெரிய நிறுவனங்கள் தொடாத சிறு குழுக்களின் பாட்டுகளையும், வீட்டு அறையில் தனியாகப் பாடிப் பதிந்தவற்றையும் பகிர்ந்துகொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தேன். சில ஆண்டுகளில் அதை நடத்தும் பொறுப்பே என்னிடம் வந்தது. அங்கே ஒரே ஒரு விதி: யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. பாட்டை அனுப்பலாம், பாட்டைப் பற்றிப் பேசலாம், அத்தோடு சரி. பெயரில்லாத கேசட்டிலிருந்து வந்த எனக்கு அந்த விதி இயல்பாகவே பொருந்தியது.

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர், இங்கே கராடியில் மென்பொருள் வேலை. என் பின்னால் வந்து நின்று, "மேடம், இது பாட்டுங்களா, இல்ல பக்கத்து வீட்டுச் சண்டைங்களா? போலீசுக்குச் சொல்லணும்னா முன்கூட்டியே சொல்லிப்போடுங்க" என்பார். நல்ல மனிதர். அவர் வீட்டில் இல்லாத நேரத்திலும் நான் ஒலியைக் கூட்டியதில்லை.

அந்தக் குழுவுக்கு ஒரு பெண் பாட்டு அனுப்பத் தொடங்கினாள். கல்லூரி மாணவி என்று மட்டும் எழுதியிருந்தாள். சைபர் கஃபேயிலிருந்து அனுப்புவதால் உடனே பதில் எழுத முடியாது என்று மன்னிப்பும் கேட்டிருந்தாள். ஆங்கிலத்தில் அவளே எழுதிய பாட்டுகள். கிட்டார் கிடையாது; தகர டின்னில் விரலால் தட்டும் தாளம் மட்டும். அவள் பாடிய விதம்தான் என்னைக் கட்டிப்போட்டது. கிசுகிசுப்பாகக் கத்தினாள். தொண்டை நரம்புகள் புடைக்கும் கத்தல், ஆனால் ஒலி வெளியே வராமல் பல்லுக்குள்ளேயே நிற்கும். குழுவில் எல்லோரும் அதைப் புதிய பாணி என்று பாராட்டினார்கள். அது பாணி இல்லை என்று எனக்கு முதல் கேட்பிலேயே தெரிந்தது.

இரண்டாவது பாட்டில், வரிகளுக்கு இடையே, நிற்காமல் போகும் ரயில் ஒன்று கேட்டது. மூன்றாவதில் ஆலைச் சங்கும், மராத்தியில் கூவிப் போகும் ஒரு காய்கறிக்காரரின் குரலும். அதற்கடுத்த பாட்டில்தான் அந்த ஓசையைக் கேட்டேன். பாட்டு தொடங்குமுன், இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று இழுத்துப் போடப்படும் ஓசை. அதன் பிறகு காலடிகள் விலகிச் செல்கின்றன. தாழ் போட்டவர் வெளியே இருக்கிறார், பாடுகிறவள் உள்ளே. பாட்டின் பாதியில் தூரத்திலிருந்து ஓர் ஆணின் குரல், "ஏட்டி!" என்று. பாட்டு ஒரு சொல்லின் நடுவிலேயே அறுந்தது. பதிவும் அங்கேயே முடிந்தது.

மற்றவர்களுக்கு அது ஏதோ ஓர் இரைச்சல். எனக்கோ அந்த 'ஏட்டி' திருநெல்வேலிப் பேச்சு. ஒரு தமிழ்ப் பெண்ணை யாரோ அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். அவள் இருப்பது தண்டவாளமும் ஆலையும் பக்கத்தில் உள்ள ஊர். லோனாவாலா போகும் ரயிலிலிருந்து நான் பலமுறை பார்த்த ஊராகவும் இருக்கலாம். அன்று முழுவதும் வகுப்பில் என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

விதியை மீறுவது என்று முடிவு செய்தேன். அவளுக்குத் தனியாக எழுதினேன், தமிழில். அப்போது கணினியில் தமிழ் அடிப்பது எளிதல்ல. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் சைபர் கஃபேயில் தோளுக்குப் பின்னால் நிற்பவர் எவரும் படித்துவிடலாம், தமிழ் என்றால் யாருக்கும் புரியாது என்பது என் கணக்கு. உன்னை வெளியிலிருந்து பூட்டுவது யார், அந்த மனிதர் உன்னை அடிக்கிறாரா, பயப்படாமல் எழுது, நான் பூனாவில்தான் இருக்கிறேன், என்னால் வர முடியும் என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஆங்கிலத்தில் ஒரு சிறு பதில் வந்தது. எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், படிக்கத் தெரியாது; பிரிண்ட் எடுத்திருக்கிறேன், வீட்டில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு சிரிப்புக் குறி.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எத்தனை தமிழ்ப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்! மராத்தியில் சண்டை போடுவார்கள், இந்தியில் பேரம் பேசுவார்கள், வீட்டில் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்தைக் கண்டால் கோலம் போலப் பார்ப்பார்கள். தினமும் பார்க்கும் விஷயம் அந்த ஒரு மாலையில் மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அந்த மனிதனைப் பற்றி நான் எழுதியது, அதைப் படிக்கக்கூடிய அந்த மனிதன் இருக்கும் வீட்டுக்கே அவள் கையால் போகிறது. வேண்டாம், கிழித்துப் போடு என்று ஆங்கிலத்தில் உடனே எழுதினேன். பதில் இல்லை. அந்த வாரம் பாட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, லோனாவாலா வழியில் இருக்கும் தளேகாவுக்கு லோக்கல் ரயிலில் போனேன். கணவரிடம் தோழி வீடு என்றேன். பிளாட்பாரத்தில் நின்று, நிற்காத ரயில் ஒன்று கடக்கும்வரை காத்திருந்தேன். அந்த ஓசைதான். நண்பகலில் சங்கு ஊதியது. அதுவும் அதேதான். ஊர் சரி. ஆனால் தண்டவாளத்தை ஒட்டி, ஆலைத் தொழிலாளர்களின் வீடுகள் வரிசை வரிசையாக நீண்டன. துணி காயப்போட்ட வாசல்கள், குக்கர் விசில்கள், டிவிச் சத்தம். எல்லாக் கதவுகளிலும் வெளியே இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. அவ்வளவு தாழ்ப்பாள்களை அதுவரை நான் கவனித்ததே இல்லை. எந்தக் கதவைத் தட்டி, என்னவென்று கேட்பது? பெயர்கூடத் தெரியாது. ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, யார் வேண்டும் என்று மராத்தியில் கேட்டாள். வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பினேன். என் எழுத்து இந்த வீடுகளில் ஒன்றில் இப்போது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி ரயிலிலும் என்னோடு உட்கார்ந்து வந்தது.

அடுத்த வாரம் ஓர் ஒலிக்கோப்பு வந்தது. திறக்கவே அஞ்சினேன். பாட்டு இல்லை. நடுவயதுப் பெண் ஒருத்தியின் குரல், கருவியை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, மூச்சிரைக்கப் பேசியது.

"அம்மா, நான் அவ அம்மை பேசுதேன். நீங்க எழுதுனத நாந்தான் வாசிச்சேன். அவ அப்பா கையில கெடைக்கல, பயப்படாதீங்க. நீங்க டீச்சராம்மா? சுத்தத் தமிழா இருக்கு, எனக்கே ரெண்டு மட்டம் வாசிக்க வேண்டியதாப் போச்சு. அந்தக் கதவப் பூட்டுதது நாந்தான். அவிய திடீர்னு வந்தாலும், வெளிய தாழ் கெடந்தா உள்ள ஆளு இல்லன்னு நெனச்சிகிடுவாவ. அன்னைக்கு ஏட்டின்னு சத்தம் போட்டது என்னையத்தான். கிட்டார ஒடச்சிட்டாவ. தொண்டையையும் ஒடச்சிரக் கூடாதுல்லா. பழைய மெத்தையெல்லாம் செவத்தோரமா அடுக்கி வச்சிருக்கேன். அவ பாடுதது எனக்கு ஒண்ணும் வெளங்காது. யாரு கூடயோ சண்ட போடுத மாதிரி இருக்கும். போடட்டும்."

கொத்தமல்லி நினைவுக்கு வந்தது. தன் தங்கைகளின் பிள்ளைகள் பிறந்த நட்சத்திரம்வரை நினைவில் வைத்திருந்த என் அம்மா, ஏன் கொத்தமல்லியை மட்டும், அதுவும் ஸ்கூட்டர் வளைவில் திரும்பும் நேரத்தில் மட்டும் மறந்தாள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அம்மாவிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மறதிதான் என்று சொல்லியிருப்பாள்.

ஆனால் என் பயம் தீரவில்லை. வேறு இடத்துக்குப் போனது, அவ்வளவுதான். இனி அந்தத் தாழ்ப்பாளின் ஓசை எனக்குக் கொடுமை அல்ல, காவல். காவலுக்கும் கண் அயரும் நேரம் உண்டு. என்றாவது ஒரு நாள் அவள் அப்பா அந்தக் கதவின் முன் நின்றால்? ஒவ்வொரு பதிவும் பாட்டோடு முடிந்துவிடுகிறது; அதன் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வழியில்லை.

வாழ்வில் முதல்முறையாக என் குரலைப் பதிவு செய்தேன். அந்தத் தாய்க்கு, எளிய தமிழில். ஒன்றே ஒன்று கேட்டேன்: பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்த வேண்டாம், நீங்கள் வந்து கதவைத் திறக்கும்வரை ஓடட்டும்.

அடுத்து வந்த பதிவு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. தாழ் போடும் ஓசை. பாட்டு, பல்லுக்குள்ளே. பாட்டு முடிகிறது. சங்கு ஊதுகிறது. பாத்திரம் உருளுகிறது. பிறகு செருப்புக் காலடிகள், கனமானவை, நெருங்கி வருகின்றன. அறைக்கு வெளியே நிற்கின்றன. அவள் மூச்சுகூடப் பதிவில் இல்லை. என் விரல் தானாக நிறுத்தும் பொத்தானைத் தேடிப் போனது, அதை அழுத்தினால் அங்கே ஏதோ தப்பிவிடும் என்பதைப் போல. ஆண்குரல் தண்ணீர் கேட்கிறது. காலடிகள் விலகுகின்றன. குழாயில் நீர் விழுகிறது, வெகுநேரம். அதன் பிறகு, மிக மெதுவாக, இரும்பு நகர்கிறது. அந்தத் தாயின் குரல்:

"ஏட்டி, வா. காப்பி ஆறுது."

குழுவில் அந்தப் பாட்டைப் பகிர்ந்தேன். கடைசியில் உள்ள வெற்று இரைச்சலை வெட்டிவிடலாமே என்று எங்கோ தொலைதேசத்திலிருந்து ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதினார். வேண்டாம், பாட்டு இன்னும் முடியவில்லை என்று பதில் எழுதினேன்.

அந்தப் பெண் சில ஆண்டுகள் பாட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். இப்போதும் கேட்கிறேன், குறைந்த ஒலியில்தான். நடுவில் வாசல் மணி அடித்தாலும், அந்தத் தாழ் திறக்கும் ஓசை கேட்கும்வரை எழுந்து போக என்னால் முடிவதில்லை.