கல்யாண மண்டபத்திலிருந்து கணக்கு வகுப்புக்கு

கல்யாண மண்டபத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கூட்டத்தான் தெரியும், கழிக்கத் தெரியாது. எத்தனை பேர் என்று வீட்டார் சொன்னாலும் நாங்கள் கொஞ்சம் சேர்த்துத்தான் உட்காரக் கதிரை போடுவோம்.

கண்டி நகரத்தில் ஒரு மண்டபத்தில் பன்னிரண்டு வருடமாக உதவி மேலாளர் நான். மேலாளர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் முதலாளி ஹாஜியாரிடம் போய் அந்த இடத்தைக் கேட்டேன். மேலாளர் வேலைக்குரிய முகாமைத்துவ டிப்ளோமா இருந்தால் தருவேன், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து ஆள் எடுப்பேன் என்றார். அப்படித்தான் நாற்பது வயதில் கல்லூரிக்குப் போனேன். அங்கே கட்டாயப் பாடமாகக் கணிதம் உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு இருபது வருடம் கழித்துக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

முதல் நாள்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வகுப்பு. செவ்வாயில் எங்கள் மண்டபத்தில் அநேகமாக விசேஷம் இருக்காது என்பதால் எனக்குத் தோதான நாள். சுற்றிலும் என் மகள் வயதுப் பிள்ளைகள். விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லி என்னைப் பலகைக்கு அழைத்தார்.

பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு 'சி' எடுத்தவள் நான். அந்தத் தைரியத்தில் மேலே இருந்ததை மேலே கூட்டினேன், கீழே இருந்ததைக் கீழே கூட்டினேன், ஐந்தில் இரண்டு என்று அழகாக எழுதி அடியில் கோடும் போட்டேன். அரையோடு இன்னொன்றைச் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவர் வந்து விடையை அழித்தார். பிறகு சொன்னார்: "மறந்தது பரவாயில்லை அக்கா. ஆனா நீங்கள் புதுசா ஒண்டு கண்டுபிடிச்சிருக்கிறியள்."

இரண்டு கிலோ மா

எங்கள் மண்டபத்தில் முஸ்லிம் கல்யாணங்களின் வலீமா விருந்துகளில் சஹன் வைப்போம். பெரிய தட்டு ஒன்று, சுற்றி ஆறு பேர். இருநூற்றைம்பது பேர் வந்தால் நாற்பத்தொரு சஹன் போக நாலு பேர் மிஞ்சுவார்கள். அவர்களை நிற்க வைக்க முடியுமா? அவர்களுக்கும் ஒன்று, ஆக நாற்பத்திரண்டு. இது எனக்குத் தூக்கத்திலும் வரும் கணக்கு.

வகுப்புப் பரீட்சையில் இருநூற்றைம்பது கிலோ மாவை ஆறு கடைகளுக்குச் சமமாகப் பங்கிடச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். யோசிக்காமல் கடைக்கு நாற்பத்திரண்டு கிலோ என்று எழுதிவிட்டேன். பெரிய சிவப்புப் பிழை அடையாளத்தோடு தாள் திரும்பி வந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. பக்கத்துக் கதிரைத் தர்ஷினி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பகலில் ஒரு துணிக்கடையில் வேலை. தாளை வாங்கி நாற்பத்திரண்டை ஆறால் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, கூடுதலா ரெண்டு கிலோ மாவ யாரு வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்தீங்க?"

பெண்ணின் தகப்பனார்

அதே தாளை மறுநாள் மண்டபத்து மேசையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேச வந்தார். தாளைக் கண்டு, "புள்ளையோடதா மிஸ்?" என்று அன்பாகக் கேட்டார். என்னுடையதுதான் என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்துக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

பெரியவர் அதற்குப் பிறகு மேளத்தைப் பற்றிக் கேட்டார், மணவறைப் பூவைப் பற்றிக் கேட்டார், கண் மட்டும் அந்தச் சிவப்புப் பிழையை விட்டு நகரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் என் விருந்துகளில் ஒரு கதிரை குறைந்ததில்லை. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எழும்பிப் போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க மிஸ், நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குக் கதிரைக் கணக்க மட்டும் வேற யாராச்சும் பாக்கட்டும்."

நூறு பேரை அழைத்தால்

நிகழ்தகவு பாடம் வந்தபோது, அவரவர் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்லும்படி விரிவுரையாளர் கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நூறு பேரை அழைத்தால் நூற்று முப்பது பேர் வருவார்கள், ஆகவே நிகழ்தகவு ஒன்று தசம் மூன்று என்றேன்.

நிகழ்தகவு ஒன்றுக்கு மேல் போகாது என்றார் அவர். எங்கள் மண்டபத்தில் போகும் என்றேன் நான். சின்னம்மா மகளின் சிநேகிதி, வாகனம் ஓட்டி வந்தவர், அவருடைய மச்சான் என்று வருகிறவர்களை வரிசையாகச் சொல்லியும் காட்டினேன். வகுப்பு முழுவதும் என் பக்கம். அவர் சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மண்டபத்துக்கு வந்தா வரட்டும் அக்கா, என்ர கணக்குக்குள்ள கூப்பிடாத ஆக்கள் வரக்கூடாது."

முதலாளியின் அறை

முதல் தடவை கணிதப் பரீட்சையில் தவறினேன். ஹாஜியார் வரவழைத்த கொழும்பு ஆளொருவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கடுகண்ணாவைக்குப் போகும் பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

எந்தக் கணக்கைப் பார்த்தாலும் எனக்கு அதற்குள் ஆட்கள் தெரிந்தார்கள். பசியோடு, கதிரை இல்லாமல், கையைக் கழுவிவிட்டு நின்றார்கள். இரண்டாம் தடவை படித்தபோது பிடிவாதமாக அவர்களை வெளியே அனுப்பினேன். எண் வெறும் எண்தான், அதற்குச் சோறு வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு எழுதினேன். மயிரிழையில் பாஸ்.

டிப்ளோமாச் சான்றிதழை ஹாஜியாரிடம் நீட்டினேன். மேலாளர் அறைச் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மாஷா அல்லாஹ். இனிக் கணக்கெல்லாம் கம்பியூட்டர்ல பாக்க ஒரு புள்ள வாரா, நீங்க அந்தப் பக்கம் போகவே வாணாம், வார ஆக்கள மட்டும் பாத்துக்கங்க."

ஆட்களை மறப்பதற்கென்று ஒன்றரை வருடம் படித்து, அதற்குக் கிடைத்த சான்றிதழைக் காட்டி, ஆட்களைக் கவனிக்கும் வேலையை வாங்கியிருக்கிறேன்.