தெயோலிந்தாவின் குளோரின் தண்ணீர்

எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பொறுப்பு தெயோலிந்தா. மோட்டார் போடுவாள், குளோரின் கலப்பாள், தினமும் ஊரிடம் வசவு வாங்குவாள். போன மழைக்காலத்தில் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் சுருண்டபோது ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தவளும் அவள்தான். அதை யார் நினைக்கிறார்கள்? இங்கே எல்லோருக்கும் தெரெரேதான் உயிர். கொம்புக் குவளையில் யெர்பா இலைத்தூளைப் போட்டு, ஜில்லென்று தண்ணீர் ஊற்றி, ஒரே குழலில் மாற்றி மாற்றி உறிஞ்ச வேண்டும். அதில் குளோரின் வாடை அடித்தால் போச்சு. ஆகவே குழாய்த் தண்ணீரில் துணி துவைத்துவிட்டு, குடிக்க மட்டும் கக்கூஸ் பக்கத்துப் பழைய கிணற்றில் மொள்ளுகிற புத்திசாலிகள் நாங்கள்.

கடைசியில், குளோரினை நிறுத்தலாமா என்று ஊர்த் தலைவர் தோன் சிக்ஸ்தோ கூட்டம் போட்டார். நிறுத்தக் கூடாது என்று தலைநகர் அசுன்சியோன் அதிகாரிகள் கொடுத்த உத்தரவு சுவரில்தான் தொங்கியது. அதன்மேல் அவர் தொப்பியை மாட்டியிருந்தார்.

"வாயெல்லாம் ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது தெயோலிந்தா."

"அளவாத்தான் கலக்குறேன். இந்தாங்க, குழாய்த் தண்ணி ஊத்துன தெரெரே. குடிச்சுட்டுப் பேசுங்க!"

அவள் புருஷன் ஹெனாரோ பிடித்து வந்த ஜாடியிலிருந்து ஊற்றினாள். குவளை சுற்றி வந்தது. சிக்ஸ்தோ கண்ணை மூடி உறிஞ்சினார்.

"அட, வாடையே இல்லையே!"

குளோரின் இருக்கட்டும் என்று கைகள் உயர்ந்தன. தெயோலிந்தா வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஹெனாரோ ஜாடியை மறுபடி நிரப்பக் கிளம்பினான். வாசலில், என் பக்கத்தில் வைத்து, தெயோலிந்தா அவனை மறித்தாள்.

"குழாய் இந்தப் பக்கம் இருக்கு, எங்கய்யா போற?"

"கிணத்துக்கு. முதல் ஜாடியும் அங்கதான் மொண்டேன். நாலு பேர் முன்னாடி நீ அவமானப்படக் கூடாதுல்ல?"

"அடப்பாவி மனுஷா!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்பாள். அவளால் முடியாதே! திரும்பி வந்து கூட்டத்தில் உண்மையைப் போட்டு உடைத்தாள். வயிறு கலக்கினால் உடனே வரச் சொன்னாள்.

சிக்ஸ்தோ தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப நாங்க சொன்னதுதானே சரி? கிணத்துத் தண்ணிக்கு ஈடே இல்ல!"

மறுபடி வாக்கெடுப்பு. நிறுத்தச் சொல்லிக் கைகள் உயர்ந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியாக, தரையைப் பார்த்தபடி, ஹெனாரோவும் கையைத் தூக்கினான்.

"உனக்கு என்னய்யா கேடு?"

"ருசியப் பத்திக் கேக்குறாங்க. நான் எப்படிப் பொய் சொல்ல?"

மோட்டார் ரூம் சாவியை உருவி அவன் மடியில் எறிந்தாள்.

"இனி நீயே பாரு. பிள்ளைங்க வயித்தப் புடிச்சுக்கிட்டு வந்தா, ருசியா இருந்துச்சுல்லன்னு அவங்க ஆத்தாக்கிட்ட நீயே சொல்லு."